நானூற்றுப் பதினேழாம் குழந்தையின் உணர்ச்சி ஒழுங்கு

குழந்தைகளின் உணர்ச்சி வளர்ச்சியை ஆராய்வதற்கென்றே கட்டப்பட்ட அந்த ஆறு மாடிக் கட்டடத்தில், லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை. இருந்திருந்தால் அவருடைய பதற்றத்தை யாராவது அளந்து எழுதியிருப்பார்கள். லிப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவர் மகளுக்குப் பள்ளி இல்லை. மனைவிக்குக் காலை ஷிப்ட். அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து வயது. பிறந்தபோது எடை குறைவாக இருந்ததால் வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். ஐந்தாவது மாடி நடைவழியில் ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்து, பையிலிருந்து பத்துப் பதினைந்து நட்டு போல்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அப்பா வர்ற வரைக்கும் இங்கயே இரு."

இரண்டரை மணி நேரம் இருந்தாள். நட்டைப் போல்ட்டில் மாட்டினாள், கழற்றினாள், சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கினாள். ஒருமுறை தண்ணீர் குடித்தாள். அந்த வழியாக மூன்று தடவை போய்வந்த ஓர் இளம் பெண் ஆய்வாளர் நாலாவது தடவை நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் கையைத் துடைத்தபடி வரும்வரை காத்திருந்தார்.

"இந்தக் குழந்தை உங்களுதா?"

"ஆமா மேடம். ஏதாவது தொந்தரவு பண்ணாளா?"

"இல்ல. அதனாலதான் கேக்குறேன். எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?"

"அழாம."

"எதுக்கு மேடம் அழணும்?"

ஆய்வாளர் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, அப்பாவையும் மகளையும் ஆறாவது மாடிக்கு, இயக்குநரிடம், கூட்டிப்போனார்.

இயக்குநரின் அறைச் சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். எல்லாம் கடையில் வாங்கியவை. நிலையத்துக்கு வந்துபோன குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. இயக்குநர் தாழ்ந்த குரலில், பொறுமையாகப் பேசினார். பட்டாணியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் இருபத்திரண்டு வருஷமா குழந்தைகளை ஆராய்ச்சி பண்றேன். இதுவரைக்கும் ஒரு குழந்தைகிட்டகூடப் பேசினதில்ல. பேசினா அது என் முடிவுல கலந்துடும்."

"சரிங்க சார்."

"உங்க குழந்தை வயசுல முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறையாவது உணர்ச்சி வெளிய வரணும். இவளுக்கு வரலை. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுதான் ஆபத்து."

மெக்கானிக்குக்கு இது புரிந்தது. சத்தமே போடாத லிப்ட்டையும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதானே அவர் தொழில். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் முப்பத்தொரு பக்கம். குடும்பம் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. விலகும் முறைக்கு முப்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்க்கவும் என்றும் இருந்தது.

பட்டாணிக்கு 417 என்று எண் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் முதல் சோதனை. ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநரும் பட்டாணியின் அப்பா அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பட்டாணி. இளம் ஆய்வாளர் பளபளப்பான பெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்து, "உனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசு இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கார் இருந்தது. அதற்கு ஒரு சக்கரம் கிடையாது. வேண்டுமென்றே பிடுங்கி வைத்தது. ஏமாற்றம் வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று நாலு நிமிடம் பார்ப்பார்கள்.

பட்டாணி காரைத் திருப்பிப் பார்த்தாள். சக்கரம் இல்லாத இடத்தில் ஊதினாள். கீழே இறங்கி மேசைக்கு அடியில் தேடினாள். நாற்காலியை நகர்த்தித் தேடினாள். ஆய்வாளர் திரும்பி வந்ததும் சொன்னாள்:

"ஆன்ட்டி, அச்சு நல்லாத்தான் இருக்கு. சக்கரம் உங்க ரூம்ல எங்கயாவது விழுந்திருக்கும். தேடிக் கொண்டாங்க, மாட்டிடலாம்."

அம்மா சிரித்துவிட்டாள். இயக்குநர் திரும்பி அவளைப் பார்த்து, 'தாய்: பொருத்தமற்ற சிரிப்பு' என்று குறித்துக்கொண்டார்.

சோதனைத் தாளில் நாலு கட்டங்கள் இருந்தன: அழுகை, கோபம், ஒதுங்குதல், போலிச் சிரிப்பு. சக்கரம் தேடுவதற்குக் கட்டம் இல்லை. 'பிற' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் முன்பு இருந்தது. போன வருடம் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அதற்குள் போய் விழுந்ததால், வரைபடம் அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். எனவே இளம் ஆய்வாளர் நாலு கட்டத்தையும் காலியாக விட்டார். கணினி அந்தக் காலிக் கட்டங்களைப் படித்து, 'உணர்ச்சி வெளிப்பாடு இல்லை; ஆரம்பநிலை அபாயம்; ஆரஞ்சு நிறம்' என்று முடிவு சொன்னது.

"ஆரஞ்சுன்னா என்ன சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பதினேழு வயசுல வரப்போற மனப் பிரச்சினையை நாங்க அஞ்சு வயசுலயே கண்டுபிடிச்சுடுறோம்னு அர்த்தம்."

"கண்டுபிடிச்சு?"

"பதிவு பண்ணுவோம்."

"அப்புறம்?"

"பதினேழு வயசு வரைக்கும் காத்திருப்போம். பிரச்சினை வந்துதுன்னா நாங்க சொன்னது சரி."

"வரலைன்னா?"

"நாங்க தடுத்துட்டோம்."

அம்மா கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுடைய பதினேழாவது வயதைப் பற்றி அதற்கு முன் அவர் யோசித்ததில்லை. அன்றிலிருந்து தினமும் யோசித்தார்.

வீட்டுக்கு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, பட்டாணியின் சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான். வீட்டில் பேசுவதையெல்லாம் அது பதிவுசெய்யும். இன்னொன்று, ஆறு முகங்கள் வரைந்த அட்டை. சந்தோஷம், துக்கம், கோபம், அமைதி, பயம், வெறுப்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இப்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். குழந்தை ஒரு முகத்தைத் தொட வேண்டும்.

அட்டையைக் கொண்டுவந்த ஆய்வாளரிடம் பட்டாணி கேட்டாள். "வலிக்கிற மூஞ்சி எங்க ஆன்ட்டி?"

"வலி உடம்புக்கு வர்றது, பாப்பா. இது மனசுக்கு."

பட்டாணி தன் முழங்காலில் இருந்த பழைய காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அம்மாவுக்கு வேலை ஒரு குறைகேட்பு மையத்தில். நாள் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கோபமாக இருப்பவர்களிடம் பேச வேண்டும். அவள் குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று அங்கே மார்க் போடுவார்கள். பத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் அந்த மாதம் ஊக்கத்தொகை கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரமாவது யாரிடமும் பேசாமல், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதுதான் அவளுக்கு ஓய்வு. இப்போது சட்டைப் பொத்தான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் மாத அறிக்கை வந்தது.

'தாய்: குரலில் வெதுவெதுப்பு உள்ளது; ஆனால் தொழில்முறையானது. மாலை ஆறு முதல் ஏழு வரை விளக்கமற்ற மௌனம். தந்தை: ஒரு நாளில் சராசரியாக நான்கு உணர்ச்சிச் சொற்கள். அவற்றில் மூன்று "ச்சே". பரிந்துரை: நாளொன்றுக்கு நாற்பது உணர்ச்சிச் சொற்கள்.'

மெக்கானிக் சொன்னதைச் செய்கிற ஆள். மறுநாள் சாப்பிடும்போது சட்டைப் பொத்தானை ஒருதரம் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு லிப்ட்ல கேபிள் அறுந்து கிடந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்குத் துக்கமா இருந்துச்சு."

"யாராவது செத்துட்டாங்களாப்பா?"

"இல்லடா. கேபிள்தான். அப்புறம் புதுசு மாட்டினேன். பெருமிதமா இருந்துச்சு. கொஞ்சம் ஏக்கமாவும் இருந்துச்சு."

பட்டாணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா பத்துக்கு எட்டு மார்க் வாங்கும் சிரிப்பைச் சிரித்தாள். பட்டாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து தட்டைக் காலி செய்தாள்.

ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று உற்றுப் பார்த்தே கற்றுக்கொள்கிற பெண் அவள். அட்டையையும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். துக்க முகத்தைத் தொட்டால் அப்பா மூச்சை இழுத்து விடுவார், அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏன் ஏன் என்று கேட்பாள். கோபத்தைத் தொட்டால் மறுநாள் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். சந்தோஷத்தைத் தொட்டால், எதனால் சந்தோஷம் என்று மூன்று கேள்வி. அமைதியைத் தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. அம்மாவின் தோள் தளரும். அப்பா அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். இரண்டாவது மாதத்திலிருந்து பட்டாணிக்கு எப்போதும் அமைதிதான்.

அதே சமயத்தில் சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்தாள். எந்தக் கேள்வி கேட்டாலும், பால் வேண்டுமா என்று கேட்டால்கூட, முதலில் கேட்பவர் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து பதிலைப் படித்தெடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ரொம்பப் பணிவா மாறிட்டா" என்று அவள் ஆசிரியை சொன்னார். மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது சொற்களில் அதற்கு ஒன்றும் இல்லை.

நாலாவது மாதம் மறுசோதனை. அதே அறை, அதே பெட்டி, இந்த முறை கை இல்லாத ஒரு பொம்மை. பட்டாணி அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் ஆட்கள் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சற்று யோசித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். உண்மையான கண்ணீர். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக அழுதுவிட்டு, புறங்கையால் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்:

"போதுமா ஆன்ட்டி?"

இளம் ஆய்வாளரின் பேனா நின்றது. "சார், இது..." என்றார்.

"எழுதுங்க" என்றார் இயக்குநர். "அழுகை, எழுபது வினாடி. உணர்ச்சியைத் தானே முடிச்சுக்கிற திறன், மிகச் சிறப்பு. நாலே மாசத்துல ஆரஞ்சுலேருந்து பச்சை. இதை நிதி கொடுக்கிறவங்க கண்ணால பார்க்கணும்."

நிதி கொடுக்கிறவர்கள் வரும் நாளில் விழா. பட்டாணியின் குடும்பத்தை மேடைக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்பிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாலை மட்டும் குடித்தாள், அதையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து குடித்தாள்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று அம்மா கேட்டாள். கேட்கும்போதே பயமாக இருந்தது. பயம் குரலில் பதிவாகிவிடும் என்பதால் சிரித்துக்கொண்டே கேட்டாள். பட்டாணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அலமாரிக்குப் போய் அட்டையை எடுத்துவந்து அமைதியைத் தொட்டாள்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சூடு. மாத்திரை கொடுத்தாள். சூடு இறங்கியது.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் பட்டாணி, கால் தரையில் எட்டாமல். அவளுக்குப் பின்னால் திரையில் ஆரஞ்சுக் கோடு ஒன்று பச்சையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் பேசினார்.

"நாலு மாசத்துக்கு முன்னால இந்தக் குழந்தை எங்ககிட்ட வந்தப்ப அவளுக்கு உணர்ச்சியே இல்ல. இன்னிக்கு எந்த நேரத்துல எந்த உணர்ச்சி வேணுமோ, அந்த உணர்ச்சி அவகிட்ட இருக்கு. வேணாங்கிறப்ப இல்ல. ஒரு சமூகம் தன் குழந்தைகள்கிட்ட இதைவிட வேற என்ன எதிர்பார்க்க முடியும்?"

கைதட்டினார்கள். பட்டாணி தலையை இடது பக்கம் சாய்த்து, உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க" என்றார் இயக்குநர். "நான் பேசுறதை எப்படிக் காது கொடுத்துக் கேக்குறா. கூர்ந்து கேட்கும் நிலைன்னு இதுக்கு எங்ககிட்ட ஒரு அளவுகோலே இருக்கு. பத்துக்கு ஒன்பது."

மறுபடியும் கைதட்டல். அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். பட்டாணியின் விரலிடுக்கில் மஞ்சளாக என்னவோ வழிந்து, மணிக்கட்டு வழியாக ஓடி, சட்டைப் பொத்தான்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவள் கழுத்தைத் தொட்டாள். கை சுட்டது.

தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், உட்காருங்க" என்று இயக்குநர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். "இன்னும் நாலு படம் இருக்கு."

அம்மா மேடையை விட்டு இறங்கினாள். மெக்கானிக்கும் எழுந்தார். இயக்குநரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் பாதி கும்பிட்டவர், பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

காது மருத்துவர் வயதானவர், படபடவென்று பேசுகிறவர். விளக்கை வைத்துப் பார்த்தவுடன் பேச்சை நிறுத்திவிட்டார். சீழைத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. மூணு நாலு நாளா வலிச்சிருக்கணும். இந்த வலிக்குப் பெரியவங்களே சுவத்துல முட்டிக்குவாங்க. இவ அழவே இல்லையா?"

மருத்துவர் குனிந்து, "ரொம்ப வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

பட்டாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது அழுதுகொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. எதைச் சொன்னால் சரி என்று தெரியாமல் முழித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அட்டை கொண்டாரலையாம்மா?"

மறுநாள் மெக்கானிக் நிலையத்துக்குப் போனார். பொத்தானையும் அட்டையையும் வரவேற்பு மேசைமேல் வைத்துவிட்டு, முப்பத்திரண்டாம் பக்கம் வேண்டும் என்றார். அது அச்சில் இருப்பதாகச் சொன்னார்கள். விலகும் குழந்தைகளைச் சிவப்பில் பதிவுசெய்வது விதி என்றும், அந்தப் பதிவு பள்ளிக்குப் போகும் என்றும் சொன்னார்கள்.

"போகட்டும்" என்றார்.

"இப்ப நீங்க கோபமா இருக்கீங்களா? எழுதணும்."

மெக்கானிக் வரவேற்பு மேசை ஆளை நிமிர்ந்து பார்த்தார். "ச்சே" என்றார். வெளியே வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து இளம் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். கையில் படிவம் எதுவும் இல்லை. அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். ஆய்வாளர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒத்திகைக்கு வந்தாளே, அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். அப்பவே காதைத் தொட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. நான் அதைத் 'தன்னைத்தானே தொடுதல்'னு கட்டத்துல போட்டிருக்கேன். அறுபத்து மூணு தடவை."

"அறுபத்து மூணு தடவை பார்த்தீங்களா?"

"பார்க்கலை மேடம்" என்றார். "எண்ணினேன்."

அம்மாவுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் நாலு நாள் அதே வீட்டில், அதே முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து பால் கொடுத்தவள் தானும்தானே. "உள்ள வாங்க" என்றாள். ஆய்வாளர் வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். விட்டாரா என்று இவர்களுக்குத் தெரியாது. பட்டாணியைப் பற்றி நிலையம் ஒரு கட்டுரை வெளியிட்டது. கடும் வலியிலும் குலையாத உணர்ச்சி ஒழுங்குக்கு 417 ஒரு முன்மாதிரி என்று அதில் இருந்தது. அதற்குப் பரிசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டார்கள். அதே வாரம் பள்ளிக்குச் சிவப்பு நிறப் பதிவும் போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒரே உறையில் போனதாக ஆசிரியை சொன்னார்.

செவிப்பறை மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அந்தக் காதில் கேட்பது மட்டும் கொஞ்சம் மந்தம், வளர வளரச் சரியாகலாம் என்றார் மருத்துவர். மற்றது கூடவில்லை. பட்டாணி எல்லோர் முகத்தையும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். பசிக்கிறதா என்றால் முகத்தைப் பார்ப்பாள். விழுந்து முட்டி சிராய்த்தால் முட்டியைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பாள். அப்பாவும் அம்மாவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்து பார்த்தார்கள். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஒருநாள் சாயங்காலம் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பட்டாணி வந்து நிற்பது தெரிந்தது. கை நிறைய நுரை, திரும்ப முடியவில்லை. "ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்று சும்மா கேட்டுவைத்தாள்.

பட்டாணிக்கு அம்மாவின் முதுகுதான் தெரிந்தது.

"பக்கத்து சீட்டுப் பையன் என்னைத் தள்ளிவிட்டான்மா. எனக்கு அவனைப் பிடிக்கவே இல்ல."

அம்மா அப்படியே நின்றாள். குழாயை மூடவில்லை. திரும்பவும் இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கணவனிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

அதிலிருந்து அந்த வீட்டில் பட்டாணியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்பார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்து நின்று கேட்பார். அம்மா அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பாள். வெளியாள் யாராவது பார்த்தால், இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று நினைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிக்கலில் சீப்பு மாட்டிக்கொண்டது. சட்டென்று இழுத்துவிட்டார். பட்டாணியின் தோள் குலுங்கியது. பழக்கத்தில் அவள் தலை அவரைப் பார்க்கத் திரும்பியது. அவர் அவசரமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதாடா?" என்று சுவரைக் கேட்டார்.

அவர் கழுத்து வலித்தது. அப்படியே இருந்தார்.

"வலிக்குது" என்றாள் பட்டாணி. பிறகு இன்னும் சத்தமாக, "ரொம்ப வலிக்குதுப்பா, விடு" என்று அவர் கையைத் தட்டிவிட்டு அழ ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று யாரும் பார்க்கவில்லை.